ஏழு முடிச்சுத் தாள்

ஜூலை 8, திங்கள்

வேலைக்குச் சேரப் போன முதல் நாள் காலேஜ் கேட்டு பூட்டியிருந்தது. நேரு செத்ததற்கு லீவு என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். அந்த வருஷம்தான் எங்கள் பக்கம் அரிசி கிடைக்காமல் வீட்டுக்கு வீடு மக்காச்சோளக் களி கிண்டினார்கள். அதே வருஷம் மார்கழியில் தனுஷ்கோடியில் ரயிலை ஆளோடு கடல் இழுத்துக்கொண்டு போனது. எனக்கு அப்போது பதினேழு வயசு. வருஷத்தை நம்பரில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு இதுதான் வருஷம்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்த பிறகு, தான் கேட்டது இன்றைய தேதியை என்றாள் என் வீட்டுக்காரி பாவாயி.

(இவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நான் எட்டாவது பாஸ். தேதி நானே போட்டுக்கொண்டேன். – பாவாயி)

விஷயம் இதுதான். நான் சேர்ந்த காலேஜ் இப்போது யுனிவர்சிட்டி; அங்கிருந்து ஷாகிரா மேடம் ஜீப்பில் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் வேலை பார்த்த சருகு ரூமுக்கு இப்போது அவர்தான் பெரிய ஆள். மலைமலையாகப் போய்ப் பறித்துக் காயவைத்துக் கெட்டித் தாளில் தைத்து வைத்த செடி நாற்பதாயிரம் அங்கே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு சீட்டு. எந்த மலை, எந்தத் தேதி, யார் பறித்தது என்று அதில் இருக்கும். இப்போது எல்லாத் தாளையும் போட்டோ பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். ஏற்றப் போனால் முந்நூத்திச் சொச்சம் தாளில் சீட்டைப் பூச்சி தின்றிருக்கிறது. செடிக்கு நான் விஷம் தடவி வைத்தேன். கழன்ற சீட்டை எனக்குப் பின்னால் வந்தவர்கள் அரிசிப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். பூச்சி எதைத் தின்னும்?

ரிட்டயர் ஆகிப் பத்தொன்பது வருஷம் கழித்து, ஞாபகம் இருக்கிறதா ஐயா என்று கேட்கிறார். எனக்கு வேறென்ன இருக்கிறது?

நாளையில் இருந்து போகிறேன். தினமும் செய்த வேலையை ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னார். அதற்கு ஒரு நோட்டு. இது வீட்டு நோட்டு. அந்த நோட்டில் ஒழுங்காக எழுது, இதில் இருக்கிறபடி எழுது என்று பாவாயியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

சருகு ரூமுக்கு ஏ.சி. போட்டிருக்கிறார்கள். செடிக்குத்தான், ஆளுக்கு இல்லை. நான் ஸ்வெட்டர் கேட்டேன்.

பூச்சியைக் கொல்ல இப்போது விஷம் கிடையாது. தாளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் நாலு நாள் வைக்கிறார்கள். பூச்சி விறைத்துச் செத்துப்போகும். அந்தப் பெட்டியில் லூர்து தன் தயிர் டப்பாவையும் வைத்திருந்தார். லூர்து கம்ப்யூட்டரில் தட்டச்சு அடிக்கிறவர், அம்பத்தஞ்சு வயசு, வாய் மூடாது. அந்தத் தாளில் நான் தடவியது என்ன விஷம் தெரியுமா, ஒரு ஊரையே கொல்லும் என்று சொன்னேன். தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து, அப்படியானால் நேற்று வரைக்கும் சாப்பிட்டதற்கு என்ன செய்வது பெரியவரே என்று கேட்டார். தெரிந்தால் சொல்லு, நானும் நாற்பது வருஷம் அதே கையால்தான் சோறு தின்றேன் என்றேன்.

ஜூலை 10, புதன்

நாலு தாள். மிச்ச நேரம் தும்மல்.

ஜூலை 15, திங்கள்

இன்றைக்கு இருபத்தாறு தாளுக்கு ஊர் சொன்னேன்.

தாளை எடுத்து முன்னால் வைப்பார்கள். நான் செடியைப் பார்ப்பேன், பிறகு புரட்டிப் பின்பக்கம் பார்ப்பேன். ஒரு தாளைப் பார்த்து, இது கல்வராயன் மலை, ஜீப்பு சேற்றில் இறங்கி டிரைவர் பாஷா சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்த இடம், ஸ்கைலாப் தலையில் விழப்போகிறது என்று ஊரே இருக்கிற கோழியை எல்லாம் அறுத்துத் தின்ற வாரம் என்றேன். லூர்து கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து ஒரு தேதி சொன்னார். தேதிக் கட்டத்தில் அதை மட்டும்தான் அடித்தார். கோழியையும் எழுதுங்க என்றேன். அதற்குக் கட்டம் இல்லையாம்.

பின்பக்கம் எதற்குப் பார்க்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். அது யாருக்கும் சொல்லாத சங்கதி. கேட்டதால் சொன்னேன்.

எனக்கு எழுத்து தெரியாது. பச்சைமலைத் தாள்கட்டை எடுத்து வா என்று விஸ்வலிங்கம் ஐயா சொல்வார். அவர்தான் அப்போது புரொபசர். சீட்டைப் பார்த்து நான் என்னத்தைக் கண்டேன்? அதனால் தைக்கிறபோதே பின்னால், வேருக்கு நேராக, நூலில் முடிச்சுப் போட்டுவிடுவேன். சேர்வராயன் மலைக்கு ஒரு முடிச்சு. கொல்லிமலைக்கு ரெண்டு. போதமலைக்கு மூணு. பச்சைமலை நாலு. கல்வராயன் அஞ்சு. ஐயா சாகிற வரைக்கும் நான் படிக்கத் தெரிந்தவன் என்றுதான் நினைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

மேடம் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். லூர்து எழுந்து நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். கிண்டலுக்குத்தான். ஆனாலும் நன்றாக இருந்தது.

ஜூலை 18, வியாழன்

முடிச்சுக்குக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கட்டம் போட்டுவிட்டார்கள். கோழிக்கு இடமில்லை, என் முடிச்சுக்கு இடமிருக்கிறது. சீட்டு இருக்கிற தாளுக்கும் முடிச்சை எண்ணி அடிக்கச் சொல்லியிருக்கிறார் மேடம். நாற்பதாயிரத்துக்கும்.

அது எதற்குங்க வீண்வேலை என்றேன். இல்லை ஐயா, சீட்டு தப்பாக இருந்தால் முடிச்சு காட்டிக்கொடுக்கும் என்றார்.

எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. கேண்டீன் வடை.

(வடை சாப்பிடவில்லை. டப்பாவில் நான் கொடுத்தனுப்பிய தக்காளிச் சோறுதான். – பாவாயி)

ஜூலை 22, திங்கள்

லீவு போட்டேன். முட்டி வலி.

ஜூலை 23, செவ்வாய்

இன்றைக்கும்.

ஜூலை 26, வெள்ளி

லூர்து நேரில் வந்து கூட்டிப்போய்விட்டார். நீங்கள் இல்லாமல் எனக்குப் பேச்சுத்துணை இல்லை, மேடம் செடியோடுதான் பேசுகிறார் என்றார்.

மேடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதை வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு டீ குடிக்கும்போது லூர்து சொன்னார். கொல்லிமலையில் சாமக்கல் ஓடையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்ததாம். உள்ளே தகடு வைத்திருக்கிறதாம். அங்கே எதற்குப் போனார் என்று கேட்டேன். சாமக்கல் தும்பையைத் தேடி என்றார். பதினொரு வருஷமாக ஐப்பசிக்கு ஐப்பசி போகிறாராம். கால் முறிந்த மறுவருஷமும் போனாராம். புருஷன்காரர் அந்த மாசம் வந்தாலே உம்மென்று ஆகிவிடுவாராம்.

சாமக்கல் தும்பை என்பது மஞ்சள் பூ பூக்கிற ஒரு காட்டுச் செடி, பேர்தான் தும்பை. முழங்கால் உயரம் வராது. காயைத் தொட்டால் பட்டென்று வெடிக்கும். உலகத்துக்கே அந்தச் செடி ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது. எங்கள் ரூமில். விஸ்வலிங்கம் ஐயா கண்டுபிடித்து லத்தீனில் பேர் வைத்தது. அந்தப் பேருக்குள்ளேயே சாமக்கல் இருக்கிறதாம். ஐயாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த செடி. அதற்கப்புறம் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

இந்த மாசம் போய் அடுத்த மாசக் கடைசியில் எல்லாப் படமும் வலையில் ஏறிவிடும். அதோடு ஒரு பட்டியலும் போகிறதாம். அதில் இந்தச் செடிக்கு நேராக 'அழிந்துவிட்டது' என்று போடப்போகிறார்கள். இந்த ஐப்பசியோடு நானும் விட்டுவிடுகிறேன் என்று மேடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சருகு ரூமில் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 27, சனி

சாப்பாடு இறங்கவில்லை.

(மூணு தோசை. – பாவாயி)

ஆகஸ்ட் 1, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் ஒரு தாளைத் தனியாகத் தள்ளி வைத்துவிட்டது. லூர்து கூப்பிட்டுக் காட்டினார். சீட்டில் கொல்லிமலை. அப்படியானால் ரெண்டு முடிச்சு இருக்க வேண்டும். பின்னால் ஏழு முடிச்சு. நாற்பதாயிரம் தாளில் ஏழு முடிச்சு போட்டது இது ஒன்றுதான்.

ஏழு எந்த மலை பெரியவரே, இமயமலையா என்றார் லூர்து.

மேடம் வந்து பார்த்தார். எந்தத் தாள் என்று பார்த்ததும் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தார். சாமக்கல் தும்பை.

கை தவறிப் போட்டிருப்பேன் என்றேன். மேடம் லென்ஸை வைத்து அந்த ஏழு முடிச்சையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி, கோத்த மாதிரி இருக்கிறது ஐயா, கை தவறினால் இப்படி வருமா என்று கேட்டார்.

நான் பாத்ரூம் போய்விட்டு அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

(என் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பதும் இவர்தான். அம்பத்தி மூணு வருஷத்தில் ஒரு தையல் தவறினதில்லை. – பாவாயி)

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. துறையூரில் இருந்து பாவாயியின் அக்கா போன் போட்டாள். வருஷா வருஷம் போடுவதுதான். ரெண்டு பேரும் வாங்க, கோழி அடிக்கிறேன் என்றாளாம். பாவாயி மட்டும் போனாள். எனக்கு பஸ் பயணம் ஒத்துக்காது.

(வந்து எழுதுகிறேன். நாற்பது வருஷம் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு மலை ஏறின ஆள். அக்கா வீட்டு பஸ் மட்டும்தான் இவருக்கு ஒத்துக்காது. கல்யாணம் ஆனதில் இருந்து ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை. அக்கா இங்கே வந்தால் இவருக்கு அன்றைக்கென்று எங்காவது சாவு விழும். – பாவாயி)

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாலு நாளாக வேலைக்குப் போகவில்லை. மேடம் போன் போட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். தாளைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். கேட்காததுதான் தொந்தரவாக இருக்கிறது.

பதினொரு ஐப்பசி. முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு முட்டி வலி பொய். அந்தம்மாவுக்குக் கணுக்காலில் தகடு நிஜம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்றைக்கு மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

லூர்து டீ வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, "மேடம், அது சாமக்கல் ஓடைச் செடி இல்லீங்க" என்றேன்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். உட்காருங்க ஐயா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்குச் சொன்னதை அப்படியே இதில் எழுதச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அந்த வருஷம் ஐப்பசியில் கொல்லிமலை பாரஸ்ட் பங்களாவில் தங்கியிருந்தோம். நான், விஸ்வலிங்கம் ஐயா, டிரைவர் பாஷா, சமையலுக்கு ரங்கன். ஐயாவுக்குக் குளிர்காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. செங்கோடா, சாமக்கல் ஓடைக்கு நீ மட்டும் போய், பூத்திருக்கிறதை எல்லாம் வேரோடு எடுத்துக்கொண்டு வா, ராத்தங்கி நாளைக்கு வந்தால் போதும் என்றார். செடி அமுக்குகிற பலகையையும் பேப்பரையும் கட்டி முதுகில் ஏற்றிவிட்டார்.

நான் ஓடைப்பக்கம் போகவே இல்லை. எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டேன். அடிவாரத்தில் ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பி. மேளச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. பதினேழு வயசு. ஓடையில் காலில் ஏறுகிற அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நிற்பவன் முட்டாள் என்று பட்டது.

மறுநாள் காலையில் மலையேறத் திரும்பினால் கையில் ஒரு செடி இல்லை. ஊர் எல்லையில் முழித்துக்கொண்டு நின்றபோது, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு வயசுப்புள்ள, தலையில் புல்லுக்கட்டோடு நின்று, முதுகில் என்ன பலகை, பள்ளிக்கூடத்தைப் பேத்துட்டு வந்துட்டயா என்று கேட்டது. சொன்னேன். செடி பறிக்க ஒரு சம்பளமா என்று சிரித்தது. புல்லுக்கட்டில் இருந்து வேரும் பூவும் காயுமாக ஒன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்தது. வைத்ததும் காய் பட்டென்று வெடித்தது. நான் துள்ளிக் குதித்தேன். அது சிரித்த சிரிப்பில் ஆடெல்லாம் திரும்பிப் பார்த்தது.

எங்கே பறித்தாய் என்று கேட்டேன். வந்து தேடிக்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மேலே போய் ஐயாவிடம் சாமக்கல் ஓடை என்று சொன்னேன். ஐயா அந்தக் காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து, செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் தலையில் கை வைத்தார். அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? சீட்டு அவர் எழுதினார். தைத்தது நான். கொல்லிமலைக்கு ரெண்டு முடிச்சு போட நூலை எடுத்தால் கை வரவில்லை. வாய் சொல்லிவிட்டது, கை சொல்லவில்லை. எந்த மலைக்கும் இல்லாத ஏழு முடிச்சு போட்டேன்.

மேடம் குனிந்து கணுக்காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பதினொரு வருஷம் ஐயா" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

(ஒரு புள்ள என்கிறார். எந்தப் புள்ள என்று கேட்டேன். ஆடு மேய்க்கிற புள்ள என்கிறார். அடிவாரத்தில் அப்போது ஆடு மேய்க்காத புள்ள யாரு? அந்த ஊர் எது என்று கேட்டேன். தண்ணி எடுத்துட்டு வா என்கிறார். – பாவாயி)

ஆகஸ்ட் 12, திங்கள்

ஐயா மானம் போய்விடுமே என்று கேட்டேன். போகாது என்றார் மேடம். புரொபசர் உங்களை நம்பி எழுதினார், எழுதினதைத் திருத்தி ஒரு கட்டுரை போடுவேன், அவ்வளவுதான் என்றார். பேரையாவது மாற்றுவீர்களா என்றேன். அங்கேதான் வேடிக்கை. ஒரு தடவை வைத்த பேரை இடம் தப்பு என்பதற்காக மாற்றக் கூடாதாம். உலகச் சட்டமாம். இனி எந்தக் காலத்திலும் அது சாமக்கல் தும்பைதான்.

லூர்துக்கு இதில் பரம சந்தோஷம். ஒரு பொய்க்கு லத்தீனில் பேர் வாங்கிய ஆள் உலகத்திலேயே நீங்கள்தான் பெரியவரே என்றார். நான் முறைத்தேன். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இதுவரைக்கும் முந்நூறு தாளுக்கு ஊர் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் பொய் சொன்னவன் சொன்ன மற்றதை எல்லாம் எப்படி நம்புவார்கள்? அதையும் கேட்டேன். மேடம் ஏழு முடிச்சைக் காட்டி, பொய் சொன்ன அன்றைக்கும் கை பொய் சொல்லவில்லையே ஐயா என்றார்.

எல்லாம் சரி. அந்த ஊர் எது என்று கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஓடைக்காட்டுப்புதூர் என்றேன்.

(அது எங்கள் ஊர். நான் பிறந்து வளர்ந்த ஊர். பெண் பார்க்க வந்தபோது, இந்தப் பக்கமே இப்போதுதான் வருகிறேன், ஊர் நன்றாக இருக்கிறது என்று எங்கள் அப்பாவிடம் சொன்ன ஆள் இவர். எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. – பாவாயி)

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. கேட்டதற்கு, வந்து தேடிக்கோங்க என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

ஜீப்பில் ஓடைக்காட்டுப்புதூர் போனோம். மேடம், லூர்து, நான். பாவாயியும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் ஊருக்கு அவளை வேண்டாம் என்று யார் சொல்வது?

பூ ஐப்பசியில்தான் பூக்கும். ஆனால் மழை பெய்திருந்தால் இப்போது கன்றாவது இருக்கும், இடம் தெரிந்தால் போதும் என்றார் மேடம். நான் நின்ற இடத்தைக் காட்டினேன். ஊர் எல்லைக்கல் அப்படியே இருக்கிறது. மற்றதெல்லாம் மரவள்ளிக் காடு. அங்கிருந்து மலைப்பக்கம் பார்த்தால் பள்ளத்துக்குப் பள்ளம் கையை விரித்த மாதிரி ஏழெட்டுத் தடம் ஏறுகிறது. ஒவ்வொரு தடத்திலும் ஊற்றும் பாறையுமாக நாலு பிரிவு. புல்லு அறுத்தது எந்தப் பள்ளத்தில்?

ஊரில் கேட்டோம். அந்தச் செடியின் படத்தைக் காட்டினார் மேடம். ஒரு ஆள் இது எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிறது என்று கூட்டிப்போய் அவரைக்கொடியைக் காட்டினான்.

மேடம் அந்தக் காலோடு ரெண்டு பள்ளம் ஏறி இறங்கினார். நானும் லூர்துவும் பின்னால் போனோம். மத்தியானம் மூணு மணிக்கு ஒரு பாறையில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்று கேட்டார்.

பாவாயி கீழே நின்று ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் தெரியாதுங்க என்றேன்.

மேடம் தலையாட்டினார். நம்பினார். அதுதான் என்னைக் குத்தியது. விஸ்வலிங்கம் ஐயாவும் இப்படித்தான் நம்பினார்.

 

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. எல்லாருக்கும் சுதந்திரம்.

பாவாயி பெட்டியைத் திறந்து பழைய சேலையை எல்லாம் வெயிலில் போட்டாள். தானாகப் பேசிக்கொண்டாள். அவள் ஊரில் அந்த வயசில், ஆடு மேய்த்து, முன்பின் தெரியாத ஆளிடம் வாய் கொடுக்கிற புள்ள எத்தனை இருந்தது என்று விரல் விட்டு எண்ணினாள். கண்ணம்மா, அவளுக்குப் பேச்சே வராது. வெள்ளச்சி, அப்போதே கல்யாணம் ஆகிக் காரைக்காட்டில் இருந்தாள். இன்னொருத்தி பேரைச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டு சேலையை உதறினாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மேடம் பட்டியலை இன்றைக்கு என் முன்னாலேயே திறந்து வைத்தார். அந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டியதை லூர்து அடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றார் மேடம். எனக்காகச் சொன்னதா, செடிக்காகச் சொன்னதா தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பாவாயியிடம் நோட்டை எடு என்றேன். விளக்கு வைக்கக்கூட இல்லை, வெளிச்சம் இருந்தது. எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

சொல்கிறேன், எழுது. அந்தச் செடி எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியாது. நிஜமாகத் தெரியாது. மறுவருஷம் நோம்பிக்குத் தேடிக்கொண்டு போனேன். செடியைத்தான் என்று எழுதாதே. போனபோது அந்தப் புள்ளைக்குத் தையிலேயே கல்யாணம் முடிந்து வேற ஊருக்குப் போயிருந்தது. அந்த வீட்டு வாசலில் ஒரு சின்னப்புள்ள உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. தண்ணி கேட்டேன். யாருன்னு தெரியாத ஆளுக்குத் தண்ணி குடுக்க மாட்டேன், பேரை எழுதிக் காட்டு என்றது. எழுதத் தெரியாது என்றேன். அப்ப நான் எழுதறேன், சொல்லு என்றது. ஆறு வருஷம் கழித்து எங்கள் அம்மா எனக்குப் பெண் தேடினபோது, அந்த வீட்டில் எழுதத் தெரிந்த பெண் ஒன்று இருக்கும், அங்கே கேளு என்று அனுப்பினது நான்தான். இரண்டாவதாகக் கேட்டது என்று நினைக்காதே. கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பாவாயி இதை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்குக் காலையில ஆறேகாலுக்குத் துறையூர் பஸ்ஸு. மேடத்துக் காலுக்கு பஸ்ஸு ஆகாது. ஜீப்பு எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

நான் முட்டியைத் தடவினேன்.

"பஸ்ஸுதான் ஒத்துக்காது. ஜீப்பு ஒத்துக்குமில்ல" என்றாள்.

உனக்கு எப்போதிருந்து தெரியும் என்றேன். அதை எழுத முடியாது என்றாள். இந்த ஆடிப் பதினெட்டுக்குப் போனபோது, அவர் ஏன் உன் வீட்டுக்கு வருவதே இல்லை என்று அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டதாகவும், அதற்கு அக்கா மூக்கில் புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்ததாகவும் மட்டும் சொன்னாள். இடம் எது என்று கேட்டாயா என்றேன். அது உங்கள் வேலை, பறிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கினவர் நீங்கள் என்றாள்.

"பேரை உங்க வாயால சொல்லுங்க. சொன்னாத்தான் எழுதுவேன்."

சரி, எழுது. என்னை அனுப்பின விஸ்வலிங்கம் ஐயா போய்விட்டார். ஜீப்பு ஓட்டின பாஷா, ஸ்கைலாப் விழாமல் தப்பித்து அதற்கப்புறம் மூணே வருஷத்தில் போனார். பங்களாவில் களி கிண்டின ரங்கன் போய்விட்டான். அன்றைக்கு அந்த எல்லையில் நின்ற ஆடுகளுக்கே அறுபது தலைமுறை ஆகியிருக்கும். அந்தச் செடி எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று தெரிந்து, இன்றைக்கும் உசிரோடு இருக்கிறது ஒரே ஒரு ஆள். துறையூரில் இருக்கிறது. உங்கள் அக்கா, அத்தாயி.